மின்வெட்டுக்குப் பின் எழாத நெக்ஸ்ட்கிளவுட்: சோதனை வி.எம். ஒன்றில் வைத்துப் பழுது பார்ப்பது எப்படி?

தக்கலை_வழங்கி (கேள்வி):

வணக்கம். தக்கலையில் எங்கள் வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்றைச் சர்வராக ஓட்டி வருகிறேன். நான்காம் தலைமுறை கோர் ஐ5, 16 ஜிபி ரேம், டெபியன் 12, அதன்மேல் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கர் கம்போஸ். நெக்ஸ்ட்கிளவுட் (படங்கள், தொடர்புகள், நாட்காட்டிக்கான எங்கள் சொந்தக் கிளவுட்), அதற்கான தரவுத்தளமான மரியாடிபி, வீடியோ பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்கப் பை-ஹோல் ஆகியவை அதில் ஓடுகின்றன. பெங்களூருவில் இருக்கும் அண்ணன் குடும்பமும் வீட்டில் உள்ளவர்களும் தங்கள் கைப்பேசிப் படங்களை நெக்ஸ்ட்கிளவுடில்தான் சேர்த்து வைக்கிறார்கள். மொத்தம் 700 ஜிபியை நெருங்குகிறது. இணைய இணைப்பில் பொது ஐபி கிடைக்காததால் வெளியூரில் இருப்பவர்கள் டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட இணைப்பு (விபிஎன்) வழியாக உள்ளே வருகிறார்கள்.

சென்ற வாரம் ஐப்பசி மழை இடியோடு கொட்டிய இரவில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் அப்படியே அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் இயந்திரம் எழுந்தது. ஆனால் மரியாடிபி கன்டெய்னர் மட்டும் 'ரீஸ்டார்ட்டிங்' என்ற நிலையிலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் பக்கத்தில் 'இன்டர்னல் சர்வர் எரர்' என்று மட்டும் வருகிறது. மரியாடிபியின் லாகில், கிராஷ் ஆன பிறகு அப்கிரேட் செய்வதற்கு ஆதரவு இல்லை, இந்த ரீடோ லாக் மரியாடிபி 10.6-ஆல் உருவாக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. சர்வர் பூட் ஆகும்போது இமேஜ்களை (கன்டெய்னருக்கான மென்பொருள் பொதிகளை) புதுப்பித்துக் கன்டெய்னர்களை எழுப்புகிற சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று உள்ளது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்போஸ் கோப்பில் மரியாடிபி இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்ற டேக் இருக்கிறது.

முழுமையான பேக்கப் ஓணத்துக்கு முன் எடுத்ததுதான். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அவற்றை நேரடியாகச் சர்வரிலேயே செய்து பார்க்க மனம் வரவில்லை. மெய்நிகர் இயந்திரம் (வி.எம்.) ஒன்றில் இதன் நகலை ஓட்டி, அங்கே சரியான பிறகு இங்கே செய்யலாம் என்று எண்ணுகிறேன். கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 ஹோம் மடிக்கணினி. 700 ஜிபியையும் நகலெடுக்க வேண்டுமா? வி.எம்.-ஐச் சர்வரிலேயே லினக்ஸின் கேவிஎம் கொண்டு ஓட்டுவது நல்லதா, மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் போதுமா? நகல் எந்த அளவுக்கு அசலைப் போலவே இருக்க வேண்டும்?

---

மார்த்தாண்டம்_ரயில்பயணி:

முதல் வேலையாக மரியாடிபி கன்டெய்னரை நிறுத்திவிடுங்கள். அது சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரு பயனும் இல்லை. அந்த பூட் ஸ்கிரிப்டையும் இப்போதே முடக்குங்கள். இன்று மாலையும் மழை வந்து மின்சாரம் போனால் அது மறுபடியும் தன் கைவரிசையைக் காட்டும்.

அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்தால் உங்கள் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை என்றே தோன்றுகிறது. மரியாடிபியில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, எந்த மாற்றத்தையும் முதலில் ரீடோ லாக் கோப்பில் எழுதிக்கொண்டு, அட்டவணைக் கோப்புகளில் பிறகு மெதுவாகப் பதிகிறது. திடீரென்று மின்சாரம் போனால் லாகில் எழுதப்பட்டு அட்டவணையில் ஏறாத மாற்றங்கள் எஞ்சி நிற்கும். அடுத்த முறை தொடங்கும்போது அவற்றை வாசித்து நிறைவு செய்துகொள்ளும். இதற்காகத்தான் அந்த லாகே இருக்கிறது. ஆனால் 10.8 பதிப்பில் ரீடோ லாகின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். உங்கள் சர்வர் 10.6-இல் ஓடிக்கொண்டிருந்தபோது அணைந்தது. மீண்டும் எழுந்தபோது உங்கள் ஸ்கிரிப்ட், 'லேட்டஸ்ட்' என்ற டேக்கின்படி புதிய பதிப்பை இறக்கி அதைக் கொண்டு கன்டெய்னரை எழுப்பியது. பாதியில் நின்ற பழைய அமைப்பு லாகைப் புதிய பதிப்பால் நிறைவு செய்ய முடியாது. எனவே அட்டவணைகளைத் தொடாமலேயே தொடங்க மறுக்கிறது. தொடாமல் மறுத்தது உங்கள் நல்ல காலம். புதிய பதிப்பு ஒருமுறை வெற்றிகரமாக எழுந்து தரவை மாற்றியிருந்தால், பழைய பெரும்பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது, 10.6 வரிசையிலேயே உள்ள இமேஜைக் கொண்டு தொடங்கி, அது லாகை நிறைவு செய்ய விட்டு, முறையாக நிறுத்திய பிறகே புதிய பதிப்புக்குச் செல்வது. இதை நேராகச் சர்வரிலேயே செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் எண்ணியபடி வி.எம்.-இல் முதலில் செய்து பார்ப்பதையே நான் ஆதரிப்பேன். ஏனென்றால் லாக் நிறைவு பெறும் அந்த ஓட்டம் தரவுக் கோப்புகளை மாற்றும் ஓட்டம், அதைத் திரும்பப் பெற முடியாது.

700 ஜிபி படங்கள் தேவையே இல்லை. பழுது தரவுத்தளத்தில், படங்கள் வெறும் கோப்புகளாக வட்டில் கிடக்கின்றன. மரியாடிபியின் தரவுக் கோப்புறை, கம்போஸ் கோப்பு, கடவுச்சொல் போன்ற அமைப்புகள் உள்ள அதன் என்வி கோப்பு, நெக்ஸ்ட்கிளவுடின் கான்ஃபிக் கோப்புறை ஆகியவை போதும். வீட்டு அளவிலான நெக்ஸ்ட்கிளவுடுக்கு இவையெல்லாம் சேர்ந்தே சில ஜிபிக்கு மேல் போவது அரிது. கன்டெய்னர் நின்ற நிலையில்தான் நகலெடுக்க வேண்டும், தரவுக் கோப்புறையை முழுதாக எடுக்க வேண்டும். ரீடோ லாக் கோப்பையோ ஐபிடேட்டா கோப்பையோ விட்டுவிட்டு அட்டவணைகளை மட்டும் எடுத்துச் சென்றால் அந்த நகலால் பயனில்லை. ரூட் பயனராக, எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி எடுங்கள். பென்டிரைவில் கோப்புகளை அப்படியே போட்டால், அதில் உள்ள எக்ஸ்ஃபேட் போன்ற கோப்பு முறை யாருக்கு உரிய கோப்பு என்ற விவரத்தை வைத்துக்கொள்ளாது. மரியாடிபி தன் கோப்பையே திறக்க முடியாமல் 'பெர்மிஷன் டினைட்' என்று நிற்கும், நீங்கள் அதையும் பழுதின் அடையாளமாக எண்ணிக் குழம்புவீர்கள். டார் கோப்பை எடுத்தவுடன் அதன் ஷா-256 கூட்டுத்தொகையை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) இரு முனையிலும் ஒப்பிட்டுவிட்டு, ஒரு பிரதியை யாரும் தொடாதபடி தனியே வைத்துவிடுங்கள்.

மடிக்கணினியா சர்வரா என்றால், மடிக்கணினிதான். கேவிஎம் வேகமானது, லினக்ஸ் கெர்னலிலேயே 2007 முதல் இருப்பது, நானும் அலுவலகத்தில் அதைத்தான் நாள் முழுவதும் பயன்படுத்துகிறேன். ஆனால் நலமா இல்லையா என்று தெரியாத இயந்திரத்தின் மீது அதன் சோதனையையும் ஏற்றுவது சரியில்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடைக்காது; எனவே விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள். முதலில் பயாஸில் மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். வி.எம்.-க்கு 3 ஜிபி ரேம், 2 சிபியு, தேவைக்கேற்ப வளரும் 40 ஜிபி வட்டு போதும். டெபியன் 12-ஐ டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவுங்கள். வி.எம். சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரிந்தால், விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற ஏதோ ஒன்று மெய்நிகராக்க வசதியைத் தனக்கென எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இயந்திரம் அந்த ஆமையைப் போலவே நகரும், ஆனால் விடை சரியாகத்தான் வரும். இந்த ஒரு வேலைக்காகப் பாதுகாப்பு அமைப்பை அணைக்க வேண்டியதில்லை.

டார் கோப்பை வி.எம்.-இன் சொந்த வட்டுக்குள்ளே பிரியுங்கள். விண்டோஸோடு பகிரும் ஷேர்டு ஃபோல்டரில் தரவுத்தளத்தை வைத்து ஓட்டாதீர்கள். இன்னோடிபி எதிர்பார்க்கும் கோப்புப் பூட்டும் உடனடி எழுத்தும் அங்கே அப்படியே நடப்பதில்லை, இல்லாத பழுதெல்லாம் முளைக்கும்.

எந்த அளவுக்கு அசலைப் போல என்று கேட்டீர்கள். பதிப்பு எண்கள் அச்சு அசலாக இருக்க வேண்டும்: மரியாடிபி, நெக்ஸ்ட்கிளவுட், பிஎச்பி. 'லேட்டஸ்ட்' என்ற சொல்லை நகலின் கம்போஸ் கோப்பிலிருந்தே எடுத்துவிட்டு, பிழைச் செய்தியில் தெரியும் பதிப்பையோ 10.6 வரிசையில் அதற்குப் பிந்தியதையோ எண்ணாகவே எழுதுங்கள். கோப்புறைப் பாதைகளும் கன்டெய்னர் பெயர்களும் அதேபடி இருக்கட்டும். வட்டின் அளவு, ரேம், கெர்னல் போன்றவை இந்தச் சிக்கலுக்குப் பொருட்டல்ல. வேறு சிக்கலுக்கு அவையும் பொருட்டாகலாம்: மாங்கோடிபி என்ற வேறொரு தரவுத்தளம் 5.0 பதிப்பு முதல் சிபியுவில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு வசதி இல்லாமல் ஓடாது. வி.எம்.-களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றாமல் விட்டுவிட்டு, அசலில் ஓடுவது நகலில் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

எல்லாம் பிரித்து வைத்த பிறகு, மரியாடிபியைத் தொடங்கும் முன்பு, வி.எம்.-ஐ அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இனி எத்தனை முறை வேண்டுமானாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம். 10.6 தானே எழுந்துவிட்டால் மகிழ்ச்சி. எழாவிட்டால்தான் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பு. 1 முதல் 6 வரை படிகள் உண்டு, 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடும். இணையத்தில் பலர் எடுத்த எடுப்பிலேயே 6 என்று எழுதச் சொல்கிறார்கள். அதைவிடக் கொடிய அறிவுரை, ரீடோ லாக் கோப்பை அழித்துவிடு என்பது. இரண்டையும் நகலில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம், அதுவும் கடைசியில்.

---

குளச்சல்_அலைவரிசை:

மேலே அண்ணாச்சி சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நகலைத் தொடங்கும் முன் அதன் நெட்வொர்க்கைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். தான் நகல் என்பது நகலுக்குத் தெரியாது. அதே கடவுச்சொற்கள், அதே மின்னஞ்சல் அமைப்பு, குறித்த நேரத்தில் தானே ஓடும் அதே கிரான் வேலைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எழுந்தவுடன் அசல் என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்யும்.

விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை 'பிரிட்ஜ்' என்று வைத்தால் வி.எம். உங்கள் வீட்டு ரவுட்டரிடமிருந்து நேரடியாக ஐபி பெற்று வீட்டில் இன்னொரு கணினியாக நிற்கும். முகவரி எளிதாக இருக்கட்டும் என்று அசல் சர்வரின் ஐபியையே அதற்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அசலை அந்த நேரத்தில் அணைத்து வைத்திருந்தால் மோதல் எதுவும் தெரியாது. வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசியில் நெக்ஸ்ட்கிளவுட் செயலி பல நாளாகக் காத்திருக்கிறது. சர்வர் திரும்பிவிட்டது என்று எண்ணித் தேங்கிய படங்களையெல்லாம் உங்கள் சோதனை வி.எம்.-க்குள் ஏற்றத் தொடங்கும். ஏற்றிய பிறகு கைப்பேசியிலிருந்து மூலப் படத்தை நீக்கிவிடு என்ற அமைப்பு அந்தச் செயலியில் உண்டு. இடம் போதாத கைப்பேசிகளில் பலர் அதைத்தான் தேர்ந்திருப்பார்கள். சோதனை முடிந்து நீங்கள் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது அந்தப் படங்கள் கைப்பேசியிலும் இல்லை, சர்வரிலும் இல்லை. தரவுத்தளப் பழுதால் இதுவரை ஒரு படமும் போகவில்லை; சோதனையால் போயிருக்கும்.

ஆகவே நெட்வொர்க்கில் 'நாட்' (என்.ஏ.டி.) முறையே போதும். அதில் வி.எம். 10.0.2.15 என்ற தனி முகவரியில் மடிக்கணினியின் பின்னால் ஒளிந்திருக்கும். உலாவியில் பார்ப்பதற்கு மடிக்கணினியின் 8080 போர்ட்டை வி.எம்.-இன் 80-க்குத் திருப்பிவிடுங்கள், அதையும் 127.0.0.1 முகவரிக்கு மட்டும் கட்டிவிடுங்கள். டெபியன் நிறுவவும் இமேஜ்களை இறக்கவும்தான் இணையம் வேண்டும். அது முடிந்ததும் நெட்வொர்க் அமைப்பில் 'கேபிள் கனெக்டட்' என்ற கட்டத்தில் உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள், அதன்பின் வி.எம்.-இன் சொந்தத் திரையிலேயே கட்டளைகளை அடித்துக்கொள்ளலாம். மெனக்கெடல்தான், ஆனால் கேபிள் பிடுங்கப்பட்ட இயந்திரம் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாது. உலாவியில் பார்க்க வேண்டிய கட்டம் வரும்போது மட்டும் திரும்ப இணையுங்கள். அதற்குள் நெக்ஸ்ட்கிளவுடின் மின்னஞ்சல் அமைப்பை வெறுமையாக்கி, கிரான் கன்டெய்னர் இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள்.

டெயில்ஸ்கேலின் நிலைக்கோப்புகள் இருக்கும் கோப்புறையை நகலில் சேர்க்கவே கூடாது. அதில் உங்கள் சர்வரின் அடையாளச் சாவி இருக்கிறது. இரண்டு இயந்திரங்கள் அதே சாவியோடு எழுந்தால், ஒரே குடும்ப அட்டையை இரண்டு பேர் இரண்டு கடைகளில் நீட்டியது போல ஆகும். பெங்களூருவில் இருப்பவரின் இணைப்பு எந்த நேரத்தில் எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. பை-ஹோலையும் விட்டுவிடுங்கள், குறிப்பாக அது உங்கள் வீட்டில் டிஎச்சிபி வழங்குகிறது, அதாவது கருவிகளுக்கு ஐபி கொடுக்கிறது என்றால்.

நகலில் நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் திறக்கும்போது 'நம்பகமற்ற டொமைன்' என்று தடுக்கும். கான்ஃபிக் கோப்பில் டிரஸ்டட் டொமைன்ஸ் பட்டியலில் 'லோக்கல்ஹோஸ்ட்:8080' என்பதைச் சேருங்கள். ஓவர்ரைட் என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நகலைத் திறந்தாலும் உலாவி உங்களை அசலின் முகவரிக்கே தள்ளிவிடும். படங்கள் இல்லாததால் தரவுக் கோப்புறை காலியாக இருக்கும்; அதற்குள் நெக்ஸ்ட்கிளவுட் எதிர்பார்க்கும் அடையாளக் கோப்பு ஒன்று உண்டு, புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு, அதை மட்டும் அசலிலிருந்து எடுத்துவந்து வையுங்கள். படத்தைத் தொட்டால் கோப்பு இல்லை என்று வரும், அது எதிர்பார்த்ததே. பட்டியல், ஆல்பம், பகிர்வு, தொடர்புகள், நாட்காட்டி ஆகியவை வருகின்றனவா என்பதுதான் சோதனை.

---

வடசேரி_வன்பொருள்:

நாகர்கோவிலில் கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் குரல். வி.எம்.-இல் எல்லாம் சரியாக ஓடியது, சர்வரில் மட்டும் ஓடவில்லை என்று வருபவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளியது: கெட்டுப்போன வட்டையும் ரேமையும் வி.எம்.-க்குள் நகலெடுக்க முடியாது. மின்சாரம் போய்ப் போய் வந்த இரவைக் கடந்த இயந்திரம் இது; மென்பொருளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதாது.

டார் கோப்பு எடுப்பதற்கும் முன்னால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டி வட்டின் நிலையைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூச்சியத்துக்கு மேல் எண் இருந்தால், படிக்க முடியாத இடங்கள் வட்டில் உள்ளன. அப்போது கோப்பு கோப்பாக நகலெடுத்து வட்டை அலைக்கழிக்காமல், டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் ஒரு பிம்பமாக வேறு வட்டுக்கு எடுத்துவிட்டு, அந்தப் பிம்பத்தில்தான் மற்ற வேலை. 'யுடிஎம்ஏ சிஆர்சி எரர்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வட்டில் குற்றமில்லை, சாட்டா கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் இயந்திரங்களில் உப்புக் காற்றால் ரேம் முனைகளும் சாட்டா முனைகளும் பச்சை பூத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குளச்சல் நண்பருக்கும் இது புதிதாக இருக்காது. தக்கலை சற்று உள்ளே இருந்தாலும் ரேமைக் கழற்றி முனையைத் துடைத்து மாட்டி, ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டிவிடுவதில் நட்டமில்லை. ரேமில் ஒரு பிட் தவறினாலும் தரவுத்தளம் அதை உண்மை என்று நம்பி வட்டில் எழுதிவிடும்.

இன்னொன்று, யுபிஎஸ். பேட்டரி தீரும்வரை தாங்குவதற்கு மட்டும் யுபிஎஸ் வைத்திருந்தால் பாதிப் பயன்தான். பின்புறம் யுஎஸ்பி வாய் உள்ள மாடலாக இருந்தால் அதைச் சர்வரோடு இணைத்து, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (என்.யு.டி.) என்ற மென்பொருளை நிறுவுங்கள். பேட்டரி குறையும்போது சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ளும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர்கள் நம் மாவட்டத்தில் மின்சாரமே போகாது என்று எண்ணிக்கொள்வார்கள். மரக்கிளை கம்பியில் விழுந்தால் காற்றாலை என்ன செய்யும்?

---

புதியவன்_இரணியல்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஓணத்துக்கு முன் எடுத்த பேக்கப்தான் இருக்கிறதே, அந்தத் தரவுத்தளத்தைப் போட்டுவிட்டுக் கோப்புகளை மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னால் படங்கள் எல்லாம் வந்துவிடும் அல்லவா? இவ்வளவு சுற்று எதற்கு?

---

மார்த்தாண்டம்_ரயில்பயணி:

படங்கள் வந்துவிடும், உண்மைதான். நெக்ஸ்ட்கிளவுடின் ஓசிசி கருவியில் கோப்புகளை ஸ்கேன் செய்யும் கட்டளை, வட்டில் இருப்பதைப் பார்த்துப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் தொடர்புகளும் நாட்காட்டியும் கோப்பாக எங்கும் இல்லை, தரவுத்தளத்துக்குள் மட்டுமே இருக்கின்றன. ஓணத்துக்குப் பிறகு சேர்த்த எண், பதிந்த தேதி, யாருக்கு எதைப் பகிர்ந்தோம் என்ற விவரம், பிடித்தவை என்று குறித்தது, இவை எந்த ஸ்கேனிலும் திரும்பாது. 10.6 எழ மறுத்தால் நீங்கள் சொல்வதே வழி. அப்படியானாலும் அந்தப் பேக்கப் உண்மையில் திரும்ப வருகிறதா என்பதை முதலில் வி.எம்.-இல்தான் பார்க்க வேண்டும். திரும்பப் போட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

---

தக்கலை_வழங்கி:

அனைவருக்கும் நன்றி. விவரமாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

வடசேரி அண்ணன் சொன்னபடி வட்டை முதலில் பார்த்தேன். பெண்டிங் செக்டர் பூச்சியம். சிஆர்சி எண்ணிக்கை பழையதே, ஏறவில்லை. மெம்டெஸ்டும் பிழை காட்டவில்லை. அதன்பின் கன்டெய்னர் நின்ற நிலையில் டார் எடுத்து, கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, மடிக்கணினியில் வி.எம். அமைத்தேன். பச்சை ஆமை வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். டெபியன் நிறுவ நேரமானதே தவிர வேறு தொல்லை இல்லை.

இமேஜ்களை இறக்கி முடித்ததும் கேபிளை எடுத்துவிட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்து, 10.6-ஐத் தொடங்கினேன். லாகில் கிராஷ் ரெகவரி தொடங்குகிறது என்ற வரியும், தொடர்ந்து இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரியும் வந்தன. ஃபோர்ஸ் ரெகவரிக்கு வேலையே இல்லை. எல்லா அட்டவணைகளையும் மரியாடிபி-செக் கொண்டு சோதித்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்று வந்தது. தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதும் முழு டம்ப் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். பின்னர் நெக்ஸ்ட்கிளவுடை எழுப்பி உள்ளே போனால், மின்சாரம் போன அன்று மாலை அம்மா நாட்காட்டியில் பதிந்த மருத்துவர் தேதிவரை அப்படியே இருக்கிறது.

சர்வரில் இன்னும் கை வைக்கவில்லை. அங்கே 10.6-ஐத் தொடங்கி, ரெகவரி முடிந்ததும் நிறுத்தி, பிறகு 10.11-க்குச் செல்லலாம் என்று நினைக்கிறேன். நிறுத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? இந்த வி.எம்.-ஐ அழித்துவிடலாமா, வைத்திருக்கலாமா?

---

மார்த்தாண்டம்_ரயில்பயணி:

நிறுத்துவதில் உண்டு. டாக்கர் ஸ்டாப் கட்டளை வழக்கமாக 10 நொடி மட்டுமே காத்திருந்துவிட்டு, கன்டெய்னர் நிற்காவிட்டால் அதை வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். பழைய இயந்திரத்தில், ரெகவரி முடிந்த கையோடு நிறுத்தினால் 10 நொடியில் மரியாடிபி தன் எழுத்து வேலையை முடிக்காமல் போகலாம். அப்போது மின்சாரம் போனதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, அதே பிழை மீண்டும் வரும். எனவே பெரும்பதிப்பு மாறுவதற்கு முன் இன்னோடிபி ஃபாஸ்ட் ஷட்டவுன் என்ற மாறியை 0 ஆக்கிவிட்டு, ஸ்டாப் கட்டளைக்கு 300 நொடி அவகாசம் கொடுத்து நிறுத்துங்கள். லாகின் கடைசியில் 'ஷட்டவுன் கம்ப்ளீட்' என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகே கம்போஸ் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றுங்கள். புதிய பதிப்பு எழுந்ததும் மரியாடிபி-அப்கிரேடை ஒருமுறை ஓட்ட வேண்டும். அலுவல்முறை இமேஜில் ஆட்டோ அப்கிரேட் என்ற சூழல் மாறியை அமைத்தால் அதுவே செய்துகொள்ளும். இந்த வரிசை முழுவதையும், 10.11 வரையில், வி.எம்.-இல் ஒருமுறை ஓட்டிவிட்டு அடித்த கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சர்வருக்குப் போங்கள்.

வி.எம்.-ஐ வைத்திருங்கள் என்பதே என் கருத்து. நெக்ஸ்ட்கிளவுடில் பெரும்பதிப்புகளைத் தாண்டிப் போக முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு செயலி ஒத்துவராமல் முடங்கும், அது எது என்பதைக் குடும்பத்தார் தொலைபேசியில் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட வி.எம்.-இல் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஸ்னாப்ஷாட்டுகளைக் குவித்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் அதற்குப் பிந்தைய மாற்றங்களைத் தனிக் கோப்பாகச் சேர்த்துக்கொண்டே போகும். மடிக்கணினியின் வட்டு நிறைந்தால் வி.எம். இடையிலேயே நின்றுவிடும். அவை அதே வட்டில்தான் இருக்கின்றன என்பதால் பேக்கப் என்றும் எண்ணக்கூடாது.

ஜெல்லிஃபினையும் இதே வி.எம்.-இல் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால், நூலகமும் பயனர் கணக்குகளும் வரையில் சரி. வீடியோவைக் கிராஃபிக்ஸ் சில்லு கொண்டு மாற்றுகிற பகுதி விர்ச்சுவல்பாக்ஸில் அசலைப் போல ஓடாது. அதைச் சர்வரில்தான் பார்த்தாக வேண்டும்.

---

குளச்சல்_அலைவரிசை:

வைத்திருப்பதானால் ஒன்று. அந்த வி.எம்.-க்குள் உங்கள் குடும்பத்தாரின் தொடர்புகள், நாட்காட்டி, கடவுச்சொல் ஹேஷ்கள், கான்ஃபிக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன. மடிக்கணினி பேருந்திலும் ரயிலிலும் உங்களோடு வரும் பொருள். விர்ச்சுவல்பாக்ஸிலேயே வி.எம்.-இன் வட்டைக் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்யும் வசதி உண்டு, ஆனால் மூல மென்பொருளோடு தனியாக எக்ஸ்டென்ஷன் பேக் நிறுவ வேண்டும். அதைவிட எளியது, டெபியனை நிறுவும்போதே வட்டை மறையாக்கம் செய்யும் தெரிவைத் தேர்வது. இந்த வேலை முடிந்ததும் தரவை அழித்துவிட்டு, வெறும் டெபியனும் டாக்கரும் உள்ள நிலையை அப்படி நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேக்கப்பிலிருந்து தரவைக் கொண்டுவந்தால் பேக்கப்பும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும்.

---

தக்கலை_வழங்கி:

சர்வரிலும் முடிந்தது. வி.எம்.-இல் ஓட்டிய அதே வரிசைதான். நிறுத்தும்போது மட்டும் இங்கே எதிர்பார்த்ததைவிட நேரம் எடுத்தது, 10 நொடிக்குள் நிச்சயம் முடிந்திருக்காது. இப்போது 10.11-இல் ஓடுகிறது. கம்போஸ் கோப்பில் எல்லா இமேஜுக்கும் பதிப்பு எண் எழுதிவிட்டேன். பூட் ஸ்கிரிப்டில் இமேஜ் புதுப்பிக்கும் வரியை நீக்கிவிட்டேன். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி வாய் இல்லை. வடசேரி அண்ணன், வீட்டுச் சர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்துப் போதுமான, நட் மென்பொருளோடு ஒத்துப்போகும் மாடல் எதையாவது பரிந்துரைக்க முடியுமா? இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.